அடுப்புக் கண்

எங்கள் சந்தில் சிலுவைராஜைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் பதினைந்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் கொடைக்கானலில் ஒரு நர்சிங் ஹோமில் அட்டெண்டர். நான் தைலமரத்து இலையை வெட்டிக் கொப்பரையில் போட்டு எண்ணெய் காய்ச்சுகிற கூலிக்காரன். சின்ன வயதிலிருந்து நாயுடுபுரத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள்; அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய்தான். எழுபத்திரண்டாம் வருஷம், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஐப்பசியில், அவன் கொப்பரை மேட்டுக்கே என்னைத் தேடி வந்தான். டாக்டரம்மா உன்னைக் கூட்டிவரச் சொன்னார் என்றான். முந்தின வருஷம் பஸ் கவிழ்ந்தபோது அங்கே போய் ரத்தம் கொடுத்திருந்தேன். அதே மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக் கூடப் போனேன்.

டாக்டரம்மா வெளிநாட்டில் படித்தவர். கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். மலைக்குக் கீழே தரைநாட்டில் ஒரு குடும்பம். கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை. புருஷனுக்கு மீசை முளைக்கிற வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததில் வித்து செத்துவிட்டது. உடம்பில் கோளாறில்லாத ஒரு ஆளின் வித்தை ஊசிக்குழாயில் எடுத்து அந்தப் பெண்ணுக்கு வைத்தால் பிள்ளை உண்டாகும். நான் வெட்கத்தில் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுப்பது போலத்தான் என்றார். அவர்கள் யாரென்று உனக்குத் தெரியாது, நீ யாரென்று அவர்களுக்குத் தெரியாது, கொடுத்ததோடு உன் சோலி முடிந்தது என்றார்.

பிறகு கேள்வி கேட்டார். பிள்ளை இருக்கிறதா? இருக்கிறான், அலெக்சாண்டர், இரண்டு வயது. குடிப்பாயா? திருவிழாவுக்கு. டிபி, குஷ்டம், வலிப்பு உண்டா? இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வருகிற நோய் ஏதாவது?

இல்லை என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் கண் போய்விட்டது. ஆனால் அதை நாங்கள் நோய் என்று நினைத்ததே கிடையாது. முப்பது வருஷம் கொப்பரை அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தவர். காரப்புகையில் கண் வெந்துபோயிற்று என்றுதான் அவரும் சொன்னார், முதலாளியும் சொன்னார். கொப்பரை ஆட்கள் அதற்கு அடுப்புக் கண் என்று ஒரு பேரே வைத்திருந்தோம். மரம் வெட்டுகிறவனுக்கு விரல் போகும், எங்களுக்குக் கண் போகும். விரல் போனதை யாராவது பரம்பரை நோய் என்பார்களா?

எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்தேன். அந்த மாதமும் அடுத்த மாதமுமாக ஏழு தடவை போனேன். என் மனைவி லீலாவிடம் ரத்தப் பரிசோதனை என்றேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தக் கட்டளையில் சேர்த்துச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். கடைசி நாள் சிலுவைராஜ் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காக வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆடியில் அவன் மனைவி கித்தேரியம்மாளுக்குப் பெண் பிறந்தது. அடைக்கலமேரி என்று பெயர் வைத்தார்கள். கித்தேரிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அதனால் அந்தப் பிள்ளைக்கு நான் மாமன். நடக்கத் தொடங்கியதும் அது வந்த முதல் வீடு என் வீடு. என் தோளில் உட்கார்ந்துதான் ஏரியைப் பார்த்தது.

கொப்பரை மேட்டிலிருந்து வானம் வெளுத்திருந்தால் கீழே கன்னிவாடிப் பக்கத்து வயல்வெளி தெரியும். வேலைக்கு நடுவில் அங்கே பார்ப்பேன். அந்தத் தரைநாட்டுப் பிள்ளைக்கு இப்போது மூன்று வயதிருக்கும், இப்போது பள்ளிக்கூடம் போகும் என்று கணக்குப் போடுவேன். ஆணா பெண்ணா என்று தெரியாமல் எவ்வளவு தூரம்தான் நினைக்க முடியும்? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடைக்கலமேரி வந்து சட்டைப்பையைத் துழாவுவாள். அவளிடம் பேசிக்கொண்டே அந்தப் பிள்ளையை மறந்துவிடுவேன்.

எண்பதில் கோயில் ஹாலில் முதியோர் வகுப்பு ஆரம்பித்தபோது போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். விளக்கை ஒட்டி உட்கார்ந்தால்தான் எழுத்து தெரியும். நான் மந்தம் என்று வாத்தியார் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எண்பத்தாறில் அடைக்கலமேரி பெரியவளானாள். சிலுவைராஜ் தானே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கித்தேரிக்கு நீதாண்டா அண்ணன். மாமன் சீரு நீதான் கொண்டாரணும்" என்றான்.

கொண்டுபோனேன். பட்டுப்பாவாடையும் மாலையும் பழத்தட்டுமாக, தாய்மாமன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். மாலையை என் கையால் அவள் கழுத்தில் போட்டேன். சந்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? மாமன் மகன் அலெக்சாண்டர் இருக்கும்போது மாப்பிள்ளையை எதற்கு வெளியில் தேடுவது, முறைப்பெண் தயாராகிவிட்டாள் என்று கேலி பேசினார்கள். லீலா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் நாலு வருஷம் போகட்டும், நானே வந்து கேட்கிறேன் என்று கித்தேரியிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். சிலுவைராஜும் சிரித்தான்.

அதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்தால் வழி தெரியாமல் போக ஆரம்பித்திருந்தது. பகலிலும் ஒரு குழாய்க்குள்ளே பார்ப்பது போல நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. அடுப்புக் கண் வந்துவிட்டது என்று இருந்துவிட்டேன். மறுவருஷம் கண் முகாமுக்கு வந்தவர்கள் என்னை மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு எப்படி என்று கேட்டார். சொன்னேன். புகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். ரத்தத்தோடு வருவது. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம். குணப்படுத்த மருந்து கிடையாது, ஆனால் முன்கூட்டித் தெரிந்தால் பிழைப்பை அதற்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளலாம், உன் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வா என்றார்.

அலெக்சாண்டரைக் கூட்டிப் போனேன். அவன் கண் சுத்தம். திரும்பி வருகிற பஸ்ஸில் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். மலை ஏறும்போதுதான், பிள்ளைகளையெல்லாம் என்று டாக்டர் சொன்னது திரும்பவும் காதில் விழுந்தது.

நர்சிங் ஹோம் இருந்த கட்டடம் லாட்ஜ் ஆகிவிட்டது. டாக்டரம்மா நாலு வருஷம் முன்பே அமெரிக்கா போய்விட்டார். சிலுவைராஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேறொரு கிளினிக்கில் இருந்தான். அவனிடம்தான் போனேன். அந்தக் குடும்பத்துக்கு எப்படியாவது தகவல் சொல்ல வேண்டும் என்றேன். டாக்டரம்மா விலாசம் தன்னிடம் இருக்கிறது, எழுதிக் கொடு என்றான். மூன்று நாள் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம் அது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்துவிட்டது என்றான். அந்தப் பிள்ளைக்குச் சோதனை செய்தாகிவிட்டதாம், ஒரு குறையும் இல்லையாம். நான் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தினேன்.

அந்த மார்கழியில் ஒரு நாள், பொழுது மசங்குகிற நேரம், வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அடைக்கலமேரி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். அவர்கள் வீட்டுக்கு இரண்டு படி ஏற வேண்டும். பிறந்ததிலிருந்து ஏறுகிற படி. படிக்கு முன்னால் நின்று, இடது காலை நீட்டி விளிம்பைத் தடவினாள். புறங்கையைச் சுவரில் தேய்த்தபடி ஏறினாள். சில வருஷமாக நான் ஏறுவது அப்படித்தான். என்னைப் போலச் செய்து காட்டுகிறாள் என்றே நினைத்தேன்.

"என்ன பிள்ள, மாமனக் கேலி பண்றியா?"

"இல்ல மாமா. இருட்டுனா படி தெரிய மாட்டேங்குது. மாலக்கண்ணுன்னு அம்மா நெதம் முருங்கக்கீரையாப் போட்டுக் கொல்லுறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பொன்னுக்கு வீங்கி. மீசை முளைக்கிற வயதில் சிலுவைராஜ் வீங்கிய கன்னத்தில் வேப்பிலைப் பற்றோடு படுத்துக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தவன். கல்யாணமாகி ஆறு வருஷம். ஐப்பசிக்கு ஒன்பது மாதம் கழித்து ஆடி. கன்னிவாடியைப் பார்த்துக் கணக்குப் போட்ட எனக்கு, குழாயடியைப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் கிளினிக்கின் பின்பக்கம் சிலுவைராஜ் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தான். அடைக்கலமேரிக்கு என் கண் வந்திருக்கிறது, தரைநாட்டுக் குடும்பம் என்று சொன்னாயே என்றேன். அவன் மடிப்பதை நிறுத்தவில்லை.

"வேற என்ன சொல்லச் சொல்றே? ஏலே சூசை, எனக்கு ஆகாது, நீ குடுன்னு ஓங்கிட்ட வந்து நிக்கச் சொல்றியா?"

ஏன் நான் என்று கேட்டேன். உன் நிறமும் என் நிறமும் ஒன்று, உயரமும் ஒன்று, பார்க்கிறவர்கள் சந்தேகப்படமாட்டார்கள் என்றான். கித்தேரிக்கும் தெரியாது. உன் புருஷனுடையதைத்தான் மருந்து கலந்து வைக்கிறோம் என்று டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருக்கிறார். கடிதத்தை என்ன செய்தாய் என்றேன். கிழித்துவிட்டேன், விலாசமே என்னிடம் கிடையாது என்றான்.

"அலெக்சாண்டருக்கு மொறப்பொண்ணுன்னு லீலா சொன்னப்ப நீயும்தானே சிரிச்சே."

"பேச்சு வளந்தா ஏதாச்சும் சாக்குச் சொல்லி நிப்பாட்டியிருப்பேன்."

"என்னைய மாமன்னு நிக்க வச்சு, எங்கையால மால போட வச்சியே சிலுவை."

"அண்ணன்னு ஒருத்தன் கெடந்தா எவனும் வேற மாதிரி நெனைக்க மாட்டான்ல" என்றான்.

சத்தம் போடாமல், ஒரு வேலைக்கு இன்ன சாமான் வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னான். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அண்ணன், மாமன் என்று பதினைந்து வருஷமாக என்மேல் போட்டிருந்ததெல்லாம் அவன் தன் வீட்டைச் சுற்றிக் கட்டிய வேலி. நான் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவனுக்கும் கோபம் வந்தது.

"நீ மட்டும் யோக்கியனா? பரம்பர நோய் இல்லேன்னது யாரு? நல்ல ரத்தம்னு நம்பித்தானே எம் பொண்டாட்டிக்கு வைக்கச் சொன்னேன். இப்ப வந்து எம் பிள்ள கண்ணு போயிரும்ங்கிற. ஒன்னோடது எனக்கு மட்டும்தான்னு நெனச்சியா? ஏழு தடவ போனியே. அந்தம்மா அதையெல்லாம் கொட்டிருச்சுன்னா நெனக்கிற?"

எத்தனை பேர் என்று கேட்டேன். மூன்றோ நாலோ, யார் என்று தனக்குத் தெரியாது என்றான். ரிஜிஸ்டரை டாக்டரம்மா போகும்போது எரித்துவிட்டாராம். அவர் எனக்குச் சொன்னது ஒரு குடும்பம்தான்.

அன்றைக்கு நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப் போய்ச் சோதித்துவிடு. சரி என்றான். ஆனால் மதுரைக்குப் போகவில்லை. அங்கே அப்பா வழியா, அம்மா வழியா என்று துருவுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். வத்தலக்குண்டில் ஒரு சாதாரண டாக்டரிடம் காட்டி, இரண்டு வழியிலும் யாருக்கும் கண் கோளாறு கிடையாது என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் சத்துக் குறைவுதான் என்று அவர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். டாக்டர் மேல் குற்றம் இல்லை. அவருக்குக் கிடைத்த பதிலுக்கு அதுதான் மருந்து. எனக்கும் ஒருகாலத்தில் அப்படி ஒரு பதில் வாயில் வந்ததே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அடைக்கலமேரி என் வீட்டுக்கு வந்தாள். நோட்டுக் காகிதத்தில் ஒரு பொட்டலம்.

"மாமா, கண்ணுக்குக் குடுத்தாங்க. பாதி ஒங்களுக்கு."

"நீயே சாப்பிடு பிள்ள. இது எனக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்கும், ஒங்களுக்கு மட்டும் கேக்காதாக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே தெரிய மாட்டேங்குது" என்று பொட்டலத்தை என் கையில் திணித்தாள். டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகிறாயா என்று பேச்சை மாற்றினேன். இல்லை, தையல் பழகப் போகிறேன், ஊசியில் நூல் கோர்க்கத்தான் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றாள்.

அவள் போனதும் முதலில் லீலாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எம் மகனுக்குக் கூடப் பொறந்தவளையா நான் மருமகளாக் கேட்டேன்" என்றாள். இன்னும் இரண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "ரத்தப் பரிசோதனைன்னு சொன்னீங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சிலுவைராஜ் எனக்குச் செய்ததைத்தான் நான் இவளுக்குச் செய்திருக்கிறேன் என்று அந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்தது.

கித்தேரியம்மாள் ஒரு பள்ளிக்கூட விடுதியில் துணி துவைக்கிறவள். லீலாவிடம் சொன்ன மறுநாளே துவைக்கிற கல் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கொடியில் தொங்கிய போர்வைகளைப் பார்த்துச் சொன்னேன். கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறிக் காயப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் காயப் போட்டாள்.

"அண்ணே" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "இனி ஒங்கள நான் என்னன்னு கூப்பிடுறது?"

அடுத்த போர்வையை எடுத்துக் கல்லில் அடித்தாள்.

"ரெண்டு ஆம்பளயும் ஒரு டாக்டரும் சேந்து என் வயித்துல என்ன வச்சீங்கன்னு எனக்குப் பதினஞ்சு வருஷம் தெரியாது. சரி. அது அப்புறம். மதுரைக்கு வெள்ளனே எத்தன மணிக்கு பஸ்ஸு?"

சிலுவைராஜிடம் சொல்லாமல் மூன்று பேரும் போனோம். எனக்குச் சோதனை என்றுதான் அடைக்கலமேரி நினைத்தாள். அவள் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு மூடி உட்காரச் சொன்னபோது, எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பெரிய டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுதுகிற பேனாவை எடுத்துக்கொண்டு கித்தேரியிடம் கேட்டார். உங்களுக்கு இருட்டில் தெரிகிறதா? தெரியும். உங்கள் பெற்றோருக்கு? தெரியும். பிள்ளையின் அப்பாவுக்கு?

கித்தேரி மகளைக் கொஞ்சம் வெளியே இரு என்றாள். மருந்து விட்ட கண்ணோடு அவளால் எழுந்து போக முடியாது. டாக்டர் அதைச் சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டார்.

நான் சொன்னேன். "அய்யா, போன வைகாசியில என்னையப் பாத்தீங்க. என்னோட சீட்டு ஒங்ககிட்ட இருக்கும். அதான் இந்தப் பிள்ளையோட வழி."

டாக்டர் என்னைப் பார்த்தார், கித்தேரியைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல் எழுதினார். அடைக்கலமேரி கண்ணை மூடியபடியே இருந்தாள். சிரிப்பு மட்டும் போயிருந்தது.

நோய் அதேதான். என்னைவிடச் சின்ன வயதிலேயே தொடங்கிவிட்டது. தையல் வேண்டாம், நெருப்பு வேலை வேண்டாம், பகலில் நடக்கிற வேலையாகப் பார்த்துப் படிக்க வையுங்கள், வருஷா வருஷம் வாருங்கள், முப்பது வயதுவரை நன்றாகவே தெரியலாம், அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சலாம் என்றார். இந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்றார்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், கித்தேரி நடுவில், நான் இந்தப் பக்கம். பஸ் வத்தலக்குண்டு தாண்டியது. மலை ஏறத் தொடங்கியதும் அவள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"என்னைய மாதிரி இன்னும் எத்தன பேரு?"

"மூணு, நாலு இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

தெரியாது என்றேன். ஊர் தெரியாது, பேர் தெரியாது, எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது.

"நீங்களும் கேக்கலயா?"

"கேக்கல."

கித்தேரி அவள் தோளில் கை வைத்தாள். அவள் அந்தக் கையை எடுத்துத் தாயின் மடியிலேயே வைத்துவிட்டாள்.

"அவங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவா? அவங்களும் சத்து மாத்திர தின்னுக்கிட்டு, தையல் பழகிக்கிட்டு இருப்பாங்கள்ல."

டாக்டரம்மாவின் அமெரிக்க விலாசத்தைத் தேடுகிறேன், இந்தத் தடவை நானே தபாலில் போடுகிறேன் என்றேன்.

"தேடுங்க" என்றாள்.

அவள் எதைச் சொன்னாலும் கூடவே மாமா என்று ஒன்று வரும். அதற்காகக் காத்திருந்தேன். பஸ் இரண்டு வளைவு திரும்பியது. அந்த ஒரு சொல் வரவில்லை.